முதல் முக்கு

"மஞ்சளாக் கெடக்குது!" திருவிழாவில் சாமி வரும் வழியில் விரிக்கிற துணியை ஆற்றங்கரையில் தூக்கி எறிந்தார், சாயப்பட்டறை முதலாளி சென்னியப்பன். "ஆத்துத் தண்ணி பளிங்காட்டம் ஓடுது. உனக்குத்தான் உடம்பு வணங்கலை. சாயங்காலத்துக்குள்ள இதே ஆத்துல வெளுத்துக் கொண்டா, இல்லைன்னா ஊரைவிட்டுப் போ!"

சலவைக்காரி பாவாயி துணியை உதறி மடித்தாள். "ஆகட்டுங்க. முதல் மரியாதை வாங்கறவங்கதானே துணியை முதல்ல ஆத்துல முக்கித் தரோணும்? இந்த வருசம் நீங்கதானுங்க. ஒரே முக்கு, முழங்கை வரைக்கும்."

ஊர் பார்க்கக் குனிந்தவர், விரல் தண்ணீரைத் தொடுமுன்னே வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அலறினார்: "தோலு உரிஞ்சு போயிருமடி!"

காலையில் அதே தண்ணீரில் குளிப்பாட்டிய பிள்ளைகளைப் பெண்கள் வாரி எடுத்தார்கள்.

பாவாயி, வெந்து வெளுத்த தன் கைகளை நீட்டினாள்.

"இப்படித்தானுங்களா, முதலாளி?"