இன்னொரு காசு இருக்குங்களா?

கோயமுத்தூர் மில் முதலாளி நஞ்சப்பனுக்குப் பழைய அமெரிக்கத் தங்கக் காசு என்றால் பைத்தியம். அவர் அலமாரியில் அந்தக் காசுகளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளைத் தினமும் துடைத்து வைப்பவள் வேலைக்காரி மரகதம்.

ஒரு நாள் ஜெயசீலன் என்ற வியாபாரி கோட்டு சூட்டோடு வந்து ஒரு காசைக் காட்டினான். "1795ஆம் வருஷத்துக் காசு, சார். கிடைக்கவே கிடைக்காது!"

தென்னந்தோப்பை விற்றாவது வாங்கிவிடத் துடித்தார் நஞ்சப்பன்.

காபி கொண்டுவந்த மரகதம் எட்டிப் பார்த்தாள். "இது போலிங்க, ஐயா. சோப்பாட்டம் வழவழன்னு இருக்குது."

ஜெயசீலன் எகிறினான். "பாத்திரம் கழுவுறவ சொல்றதைப் பாருங்க! தொடாம, உரசாம, எடை போடாம நிரூபி பார்க்கலாம்!"

"முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே" என்றார் முதலாளி.

மரகதம் பணிவாகக் கேட்டாள். "தப்புத்தானுங்க. ஆனா ஐயாவுக்கு ரெண்டு பொண்ணுங்க. ஆளுக்கொண்ணு வேணுமே, இன்னொரு காசு இருக்குங்களா?"

இரட்டை வியாபாரம்! ஜெயசீலன் உடனே உள்பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, முதல் காசின் பக்கத்தில் வைத்தான்.

"ஐயா, லென்ஸ்ல பாருங்க. ரெண்டு காசுலயும் பொறிச்சிருக்கிற அந்தம்மா கன்னத்துல கீறல் இருக்குதுங்களா?"

நஞ்சப்பன் குனிந்தார். அதே இடம், அதே நீளம், அதே வளைவு!

"இருநூறு வருஷம் வேற வேற கை மாறுன காசுங்க. ரெண்டுக்கும் எப்படிங்க ஒரே கீறல் விழும்? ஒரே காசைக் கீறலோட சேர்த்து அச்செடுத்து ரெண்டையும் ஊத்தியிருக்காங்க."

ஜெயசீலன் காசுகளை வாரிக்கொண்டு ஓடியே போனான்.

நஞ்சப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. தன் நாற்காலியையே அலமாரிப் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உட்காரு, மரகதம். என்கிட்ட இருக்கிற நாப்பத்து மூணு காசையும் கொஞ்சம் பாரேன்!"