நிமிஷத்துக்குத் தொண்ணூறு

டிஜே குண்டூசி பொய் சொல்ல மாட்டான், புளுகுவான். பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கும்.

பேர் வைத்தபோது ஒல்லியாகத்தான் இருந்தான். இப்போது அவன் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. ஹிப்ஹாப் என்றால் ஏதோ ஹோமியோபதி மருந்து என்று ஊர் நினைத்த காலத்திலேயே, புளியந்தோப்பில் சிமெண்டுக் கடை மாடியில், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, எங்கள் ‘கலீஜ் கம்பெனி’ பாட்டுக் குழுவுக்கு பீட், அதாவது பாட்டின் தாளம், போட்டவன். பாடுகிறவர்கள் நானும் மஸ்தானும். மூன்று பேருக்கும் இப்போது அறுபதை ஒட்டி வயது. இந்த ஞாயிற்றுக்கிழமை பீச்சில் மறுபடி மேடை ஏறுகிறோம். புதுப் பாட்டு, புது பீட் என்று போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. பீட் மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் மஸ்தானும் அதே மாடியேறிப் போய் நின்றோம். அவன் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துப் போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பாவம் பார்த்தால் ஆகுமா? மஸ்தான் காது மெஷினைத் திருகிக்கொண்டே நேராகக் கேட்டான்.

“பீட் எங்கடா? இல்லன்னா இல்லன்னு சொல்லு. போன்ல ஒரு ஆப் கீது. தும்முறதுக்குள்ள பீட் போட்டுக் குடுக்குது. அத்த வச்சுக்கினு ஏறிடறோம்.”

குண்டூசியின் முகம் தொங்கிவிட்டது. எனக்கே சங்கடமாக இருந்தது. நெஞ்சைக் கிழித்தபோதுகூட அவனுக்கு அப்படி வலித்திருக்காது. ஆனால் அவனா விடுவான்?

“பீட் ரெடி மச்சி. எங்க வச்சுக்கீறேன் தெரியுமா?” நெஞ்சைத் தட்டிக் காட்டினான். “உள்ள.”

“ஆரம்பிச்சுட்டான்யா” என்றேன் நான்.

“கேளுடா எட்வினு. ஆபரேஷன் முடிஞ்சு டாக்டரு லேப்டாப்பைத் தொறந்தாரு. பேஸ்மேக்கரை அதுலேர்ந்துதான் செட் பண்ணுவாங்க. எட்டிப் பாத்தேன். அய்யே, நம்ம பீட் போடுற சாஃப்ட்வேர் மாதிரியே கீது! நிமிஷத்துக்கு எழுபதுன்னு வைக்கப் போனாரு. டாக்டர், எழுபது தாலாட்டுக்கு, நமக்குத் தொண்ணூறுன்னேன். அப்பால ரெண்டாவது அடி கொஞ்சம் சோம்பேறித்தனமா, லேட்டா வரணும், அப்பத்தான் தலை ஆடும்னேன்.”

“டாக்டர் இன்னா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“யோவ், அந்த வியாதிக்குத்தான்யா நீ வந்து படுத்துக்கீறன்னாரு.”

மஸ்தான் சிரித்துவிட்டான். குண்டூசிக்கு அது போதும், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டேன் தொண்ணூறு. வச்ச அடுத்த நிமிஷம் பக்கத்து பெட்டு மானிட்டர் என் பீட்டுக்கு மாறிச்சு. அப்பால அதுக்குப் பக்கத்து பெட்டு. நர்ஸம்மா செருப்பு சத்தம் தாளம் தப்பாம வருது. மயக்கத்துல கெடந்த ஒரு பெருசு, கண்ணைத் தொறந்ததும் தண்ணி கேக்கல மச்சி. மைக் கேட்டுச்சு.”

“பாடிச்சா?” என்றேன்.

“பாடாம? உன்னைவிட நல்லா பாடிச்சு.”

எனக்கு இது தேவைதான்.

“ஆம்புலன்ஸ் சைரன் சுருதி சேந்து வருது. கீழ ரோட்ல ஹாரன் எல்லாம் வரிசையா, ஒருத்தன் அடிச்சப்பறம் ஒருத்தன். டிராபிக் போலீசு கையைக் காட்ட வந்தவரு ஸ்டெப்பு போட்டுக்கினு நிக்கறாரு. பேசின் பிரிட்ஜுல ரயிலு, நாலு அடி முடியட்டும்னு ஸ்டேஷனுக்கு வெளியவே வெயிட் பண்ணுது.”

“அது எப்பவும் அப்படித்தாண்டா நிக்கும்” என்றான் மஸ்தான்.

“சரி, கடலு? அலையெல்லாம் என் பீட்டுக்கு வர ஆரம்பிச்சிடுச்சு. காசிமேட்டுலேர்ந்து ஆளுங்க ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. அண்ணே, மீனெல்லாம் ஆடிக்கினு கீது, வலையில நிக்க மாட்டேங்குது, கொஞ்சம் கொறைண்ணேன்னு ஒரே அழுகை. விடு, அதுகூடப் பெருசில்ல. மறுநாள் சூரியன் வந்துச்சு பாரு! அதுவும் ரெண்டாவது அடி மாதிரி சோம்பேறித்தனமா, லேட்டா வருது.”

“டேய், நான் தெனம் வாக்கிங் போறவன். சூரியன் கரெக்ட் டயத்துக்குத்தான் வந்துச்சு” என்றான் மஸ்தான்.

“உன் வாட்ச்சும் என் பீட்டுலதாண்டா ஓடிக்கினு இருந்துச்சு!”

இதற்கு மேல் மஸ்தானுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தான். காதை அழுத்தி வைக்க இடைஞ்சல் என்று மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

“சட்டையைத் தொற. கேட்டுடறேன். உள்ள எழுபதுன்னு இருந்துச்சு, ஆப்புதான்.”

குண்டூசி பட்டனைக் கழற்றினான். மஸ்தான் குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குண்டூசி வாயை மூடிக்கொண்டு இருந்தான். அவன் பயந்துபோயிருந்தது எனக்குத் தெரிந்தது. தன் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னபோதுகூட ஜோக்கடித்தவன் அவன்.

பிறகு மஸ்தானின் விரல் மேசையைத் தட்ட ஆரம்பித்தது. ஒரு அடி. அப்புறம் சோம்பேறித்தனமாக, லேட்டாக, இன்னொரு அடி. என் தலை ஆடுவதை நானே அப்புறம்தான் கவனித்தேன்.

“எப்படி மச்சி?” என்று அவன் காதருகே சத்தமாகக் கேட்டான் குண்டூசி.

மஸ்தான் நிமிர்ந்தான். “புதுசுன்னு சொன்ன? இது தொண்ணூத்தொம்போதுல நீ போட்டு, நாங்க ரெண்டு பேரும் கேட்டுட்டு வேணாம்னு தூக்கிப் போட்டதாச்சேடா!”

“அப்போ உங்களுக்கு ரசனை இல்ல.”

“அப்போ எங்களுக்குக் காது கேட்டுச்சு.” மஸ்தான் மெஷினை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். “இப்பதான் கேக்கலையே. ஞாயித்துக்கெழமைக்கு இதையே போட்டுடு.”