இடது பக்கம் இழுக்கும் வண்டி

“வண்டி இடது பக்கமா இழுக்குது, வாத்தியாரே” என்றார் சடையப்பன்.

ரெஜினா ஒரு பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வாத்தியாருக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று. ஊரில் பாதிப் பேருக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த மெக்கானிக் என்பதால் அவளுக்கு அந்தப் பட்டம். இருபத்தாறு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே ஊர் சுற்றிய சடையப்பனும் அவளிடம்தான் கற்றார். கற்ற கையோடு ஒரு பழைய பைக்கும் வாங்கினார்.

மூன்று கை மாறிய வண்டி. இருந்தாலும் முதல் வண்டி அல்லவா, துடைத்துத் துடைத்தே அவருடைய பனியன் இரண்டு கிழிந்தது.

“எப்ப இருந்து இழுக்குதுங்ணா?”

“வாங்குன நாள்ல இருந்து. டயர் தேஞ்சிருக்கும்னாங்க. அகலமா புது டயர் போட்டேன்.”

“அப்புறம்?”

“அப்பவும் இழுத்துச்சு. ஃபோர்க் வளைஞ்சிருக்கும்னாங்க. அதையும் மாத்துனேன்.”

“அப்புறம்?”

“ஹேண்டில்பார். பேரிங். பின்னாடி ஷாக் அப்சார்பர். ரெண்டு பெரிய கண்ணாடி.”

“இழுக்கறதுக்கும் கண்ணாடிக்கும் என்னங்ணா?”

“அழகா இருந்துச்சு அம்மிணி.”

ரெஜினா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வண்டியில் பழசாக மிச்சமிருந்தது பெட்ரோல் டேங்கும் சடையப்பனும்தான்.

“நாளான்னைக்கு ஆயுத பூசை” என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது.

ஆயுத பூசையன்று டிப்போவில் பஸ்களைக் கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டுவார்கள். டிரைவர்கள் தங்கள் சொந்த வண்டிகளையும் ஓட்டி வந்து பஸ் வரிசையை ஒட்டி நிறுத்துவார்கள். சடையப்பன் வருஷா வருஷம் நடந்து வந்து, பொரி கடலை பங்கு வைத்துவிட்டு, நடந்தே திரும்புவார். இந்த வருஷம் என் வண்டியும் வரிசையில் நிற்கும் என்று அவர் சொல்லப்போக, வந்தது வினை.

“குப்புராஜ் இருக்கான்ல, எங்க பஸ் டிரைவர், எல்லார் முன்னாடியும் சிரிச்சான். ‘டிக்கெட் கிழிச்ச கையி ஹேண்டில்பார் புடிக்குமா? கேட்டைத் தாண்டி ஓட்டிட்டு வாய்யா, பாக்கலாம்’னான். கேட் கிட்ட வந்து இழுத்துச்சுன்னா நேரா தூண்லதான் முட்டோணும். சரி பண்ணிக் குடு அம்மிணி. ஆகலைன்னா வித்துப்போடறேன். எனக்கு வண்டி குடுத்து வைக்கலை.”

ரெஜினா கையைத் துடைத்தாள். வண்டியை எடுத்தாள். ஆளில்லாத சாலையில் நூறடி போனதும் இரண்டு கையையும் தூக்கித் தொடைமேல் வைத்தாள்.

வண்டி நூல் பிடித்தாற்போல் போயிற்று.

“இழுக்கலீங்ணா” என்றாள் திரும்பி வந்து.

சடையப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு டிப்போவே சிரிக்கும். அதுக்குத்தான் நான் பயந்தேன்.”

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஓட்டுங்க. இழுக்கறப்ப நிறுத்துங்க.”

கொஞ்ச தூரத்திலேயே வண்டி இடது பக்கம் சாய்ந்து மண்ணில் இறங்கியது. நிறுத்தினார்.

“இது எந்த இடம்?”

“மில் கேட்.”

“ஓட்டுங்க.”

மறுபடி இழுத்தது.

“இது?”

“மாரியம்மன் கோயில்.”

“நடுவுல எங்கயும் இழுக்கலையா?”

“இல்லையே.”

“ஓட்டுங்க.”

மூன்றாவது தடவை இழுத்த இழுப்பில் வண்டி ஒரு நிழற்குடையின் படி வரைக்கும் போய் நின்றது. உள்ளே கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள்.

“கண்டக்டரே, ரெண்டு மணி பஸ் வருங்களா?”

“வரும், வரும்” என்றார் சடையப்பன்.

“அடுத்து எங்கீங்ணா இழுக்கும்?” என்றாள் ரெஜினா.

“அடுத்து பால் சொசைட்டி...”

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“ஆள் நிக்குதான்னு இந்தக் கழுத்து தன்னால திரும்பிப் பாக்குது, வாத்தியாரே. பாக்கற பக்கமே வண்டியும் போயிருது. இருபத்தாறு வருஷம். நான் என்ன பண்ணட்டும்?”

“இங்கிருந்து டிப்போவுக்கு எத்தனை ஸ்டாப்?”

“பதினொண்ணு.”

“உங்க வண்டியில ஏறோணும்னு எத்தனை பேர் நிக்கறாங்க?”

சடையப்பன் பதினொரு ஸ்டாப்பையும் மனசுக்குள் ஒரு சுற்று போய் வந்தார்.

“ஒருத்தரும் இல்லை.”

ரெஜினா இறங்கி, கூடைக்காரப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏறு அம்மிணி, கடையில விட்டுடறேன்.”

“நான் ரெண்டு மணி பஸ்ல வந்துக்கறேன்.”

ஆயுத பூசையன்று டிப்போ கேட்டின் இடது பக்கம் ஐம்பது பேர் கூடி நின்றார்கள். குப்புராஜ் தூணில் சாய்ந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் யாரோ குறும்புக்கு விசில் ஊதினார்கள். ஒருவர், “கண்டக்டரே, ஆளு நிக்குது, ஏத்திக்குங்க!” என்று கத்தினார்.

சடையப்பனின் கழுத்து துடித்தது. ஆனால் கண் அசையவில்லை. வரிசையின் கடைசியில், வாழைக்கன்றுக்குப் பக்கத்தில், ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அதையே பார்த்தார். கேட் எப்போது வந்தது, எப்போது போனது என்று அவருக்குத் தெரியாது.

வண்டி அந்த இடத்தில் போய் நின்றது.

சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது. அவர் ஓட்டி வந்த வண்டி அந்த வரிசையில் நின்றது. சடையப்பன் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மனசு வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். யார் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும், இந்தப் பெருமை என்னுடையது என்று இருந்தது அவருக்கு.

டேங்கில் சந்தனம் வைத்தார்கள். கண்ணாடியில் பூச்சுற்றினார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இனி அதை நசுக்கிக்கொண்டு ஒரு சுற்று போய் வர வேண்டும்.

குப்புராஜ் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். இருபது வருஷமாக டிரைவர் சீட்டைத் தவிர வேறு எங்கேயும் உட்கார்ந்து யாரும் பார்த்திராத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார்.

சடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. காத்திருந்தார்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“போலாம், ரைட்!”