செவலையின் மணிப்பட்டை

மூங்கில் காட்டில் நூலி என்ற தையல்சிட்டு வாழ்ந்து வந்தாள். இரண்டு இலைகளைச் சேர்த்துப் பிடித்து, ஓரத்தில் துளை போட்டு, பஞ்சு நூலால் தைத்துக் கூடாக்கிவிடுவாள். அவள் தைத்த கூடு எந்தக் காற்றுக்கும் பிரிந்ததில்லை.

அதே காட்டில் செவலை என்ற பெண்குதிரையும் இருந்தாள். முன்பு ஒரு வணிகரிடம் சுமை தூக்கியவள். அவர் தொழிலை விட்டுப் போனபோது சேணத்தையும் தோல்வார்களையும் அவளுக்கே விட்டுவிட்டுப் போனார். அவை காட்டுக்கு மிகவும் உதவின. காட்டாற்றின் நடுவே புல் செழித்த மேடு ஒன்று உண்டு. கோடையில் முயல்களும் காடைகளும் அங்கேதான் குட்டி குஞ்சுகளோடு இருக்கும். மழை பிடித்து வெள்ளம் வரும் நேரத்தில், செவலை சேணத்தின் இரு பக்கமும் பிரம்புக் கூடைகளைக் கட்டிக்கொண்டு போய், எல்லாரையும் கரை சேர்ப்பாள்.

அந்த வருடம் மேட்டில் இருந்த பஞ்சி என்ற முயலம்மா ஒரு யோசனை சொன்னாள்.

"வருடா வருடம் நம்மைச் சுமக்கிறாள் செவலை அக்கா. இந்த முறை அவளுடைய வார்களில் மணி தைத்து அழகு பார்ப்போம்!"

"தைக்க நூலியை விட்டால் வேறு யார்?" என்றன காடைகள்.

நூலிக்குப் பெருமை தாங்கவில்லை. தாண்டவன் என்ற குரங்கு அவளுக்கு உதவிக்கு வந்தான். புதர் புதராகத் தாவிக் குன்றிமணிகளைப் பறித்து வந்தான். நூலி அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, முள்ளால் துளைத்து, நாரில் கோத்தாள். தோலில் துளை போட முள்ளம்பன்றியிடம் ஒரு முள் வாங்கிக்கொண்டார்கள். நூலி இடம் காட்டுவாள். தாண்டவன் அங்கே முள்ளை வைத்துக் கல்லால் தட்டுவான்.

முதலில் கடிவாளத்தின் நெற்றிப்பட்டை முடிந்தது. சிவப்பு மணி, முனையில் கறுப்புப் பொட்டு, வெயிலில் பளபளத்தது. அடுத்தது மார்புப்பட்டை. கெட்டியான எருமைத்தோல். நூலி தாராளமாக இடைவெளி விட்டு மணிப்பூக்கள் தைத்தாள். பார்க்க வந்த விலங்குகள் எல்லாம் "ஆகா!" என்றன. மயில்கூட ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனது.

மிஞ்சியிருந்தது வயிற்றுப்பட்டை. சேணம் நழுவாமல் வயிற்றைச் சுற்றி இறுக்கும் பட்டை அது. பழைய தோல், மெல்லிய தோல்.

"இதை விட்டுவிடலாம்" என்றாள் நூலி.

"விடுவதா? நான் பறித்த மணி இன்னும் ஒரு குவியல் கிடக்கிறது!" என்றான் தாண்டவன். "நெருக்கமாக ஒரே கோடாகத் தைத்தால் நெருப்புக் கோடு மாதிரி இருக்கும். காடே உன்னைத்தான் பேசும்!"

துளைகளை நெருக்கிப் போட்டால் இலை கிழியும் என்பது நூலிக்குக் குஞ்சுப் பருவத்திலேயே தெரியும். ஆனாலும் 'காடே பேசும்' என்ற சொல் காதில் இனித்தது. அவள் நெருக்க நெருக்கமாக இடம் காட்டினாள். தாண்டவன் தட்டினான்.

சாயங்காலம் செவலைக்கு எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தார்கள். அவள் மூச்சை இழுத்துவிட்டபோது நூலி வயிற்றுப்பட்டையைக் கவனித்தாள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கிழிசல்!

நூலி தாண்டவனைத் தனியே அழைத்தாள்.

"பட்டை கிழிகிறது. அக்காவிடம் சொல்லிவிடுவோம்."

"பைத்தியமா? இவ்வளவு பாராட்டும் பாழாகிவிடும்! மேலே இன்னொரு வரிசை மணி வைத்துத் தைத்துவிடு. அடியில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?"

நூலி தைத்தாள். கிழிசல் மறைந்தது. ஆனால் அன்று அவளுக்கு இரை இறங்கவில்லை. ஒரு புழுவைக் கொத்தினாள், கீழே போட்டாள்.

மறுநாள் காலையிலேயே மலையில் இடி முழங்கியது. இன்னும் இரண்டு நாளாகும் என்று நினைத்திருந்த வெள்ளம் அன்றே வந்துவிட்டது. செவலை வெறும் கூடைகளோடு நீந்தாத குறையாக மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். தாண்டவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உடன் போனான். நூலி பறந்து போனாள்.

முயல்குட்டிகள் ஏழும் ஒரு கூடையில் ஏறின. காடைக் குஞ்சுகள் மறு கூடையில் ஏறின. பாரம் ஏற ஏற வயிற்றுப்பட்டை நெறுநெறுத்தது. அந்தச் சத்தம் நூலி ஒருத்திக்குத்தான் கேட்டது. ஆறு செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது.

செவலை தண்ணீரில் ஒரு காலை வைத்தாள்.

'கரை பக்கம்தானே, தாங்கிவிடும்' என்றது நூலியின் ஒரு மனம். கூடையிலிருந்து ஒரு குட்டி காதை நீட்டி அவளைப் பார்த்தது.

"நில்லுங்கள் அக்கா!" என்று கத்தினாள் நூலி. "நில்லுங்கள்! போகாதீர்கள்!"

"வெள்ளம் ஏறுகிறது! இப்போது என்ன விளையாட்டு?" என்று பஞ்சி சீறினாள்.

"விளையாட்டில்லை. வயிற்றுப்பட்டை கிழிந்திருக்கிறது. துளைகளை நெருக்கிப் போட்டது நான். கிழிந்ததைப் பார்த்தும் மணியால் மூடினேன். என் தவறுதான்!"

செவலை மெல்லப் பின்வாங்கினாள். குட்டிகளையும் குஞ்சுகளையும் இறக்கினார்கள். தாண்டவன் தயக்கத்தோடு பட்டையைப் பிடித்து ஒரு இழு இழுத்தான்.

பட்டென்று அறுந்தது. குன்றிமணிகள் சேற்றில் சிதறின. சேணம் கூடைகளோடு சரிந்து தரையில் விழுந்தது.

பஞ்சி குட்டிகளை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"இது நடு ஆற்றில் அறுந்திருந்தால்..." என்று தொடங்கிய செவலை அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு நூலியைப் பார்த்தாள். "அழுவதைக் கரைக்குப் போய் அழுதுகொள். இப்போது என்ன செய்யலாம், சொல்!"

நூலி கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்களை மளமளவென்று பார்த்தாள்.

"மார்புப்பட்டை! அது கெட்டித்தோல். துளைகளும் தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. அதைக் கழற்றி வயிற்றில் கட்டலாம். ஆனால் மணிப்பூக்கள் இருந்தால் சேணத்தின் கொக்கிக்குள் நுழையாது."

சொல்லி முடிக்கும் முன்பே அவள் நாரை அலகால் அறுக்கத் தொடங்கினாள். மூன்று நாள் உட்கார்ந்து தைத்த பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்றைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாண்டவன் சேணத்தை மறுபடி செவலையின் முதுகில் ஏற்றி, மொட்டைப் பட்டையை வாங்கிக் கொக்கியில் நுழைத்து இறுக்கினான். மேட்டின் பாதி அதற்குள் தண்ணீருக்குள் போயிருந்தது.

"நூலி, பார்த்துச் சொல். தாங்குமா?" என்று கேட்டாள் செவலை.

நூலி பட்டையின் ஒவ்வொரு துளையையும் பார்த்தாள். பாரம் ஏறிய பிறகு மறுபடியும் பார்த்தாள்.

"தாங்கும் அக்கா. இந்த முறை நிச்சயமாகச் சொல்கிறேன்."

செவலை ஆற்றில் இறங்கினாள். நூலி பட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே பறந்தாள். நடு ஆற்றில் ஒரு மரக்கட்டை மிதந்து வந்து செவலையின் விலாவில் மோதியது. கூடைகள் ஆடின. குஞ்சுகள் கீச்சிட்டன. சேணம் நகரவில்லை! இன்னும் பத்து அடி, ஐந்து அடி... செவலையின் குளம்பு கரையில் பதிந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்ப் பெரியவர்களையும் ஏற்றி வந்தாள். அவர்கள் கரையேறிய சற்று நேரத்தில் மேடு முழுதும் மூழ்கிவிட்டது.

பஞ்சி குட்டிகளை எண்ணினாள். "ஒன்று, இரண்டு..." ஏழு வந்தது. நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். அப்போதும் ஏழுதான். அவள் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

தாண்டவன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னே வந்தான். "மறைக்கச் சொன்னது நான்தான். பழியை நூலி ஒருத்தி தலையில் போடாதீர்கள்."

"என்மேல் கோபமா அக்கா?" என்று மெல்லக் கேட்டாள் நூலி.

"கோபம்தான்" என்றாள் செவலை. "இன்று முழுக்கக் கோபமாகத்தான் இருப்பேன். நாளைக்குச் சரியாகிவிடும். நீ போய் முதலில் ஏதாவது சாப்பிடு!"

நூலியின் நெஞ்சில் நேற்றிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. அவளுக்கு அகோரப் பசி எடுத்தது. ஈரமண்ணில் கொழுத்த புழுக்கள் நான்கைப் பிடித்துத் தின்றுவிட்டு, பட்டப்பகலிலேயே ஒரு கிளையில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

செய்த தவறை மூடி மறைக்காமல் உரிய நேரத்தில் ஒப்புக்கொண்டால், வரவிருந்த பெரிய கேடும் விலகிப் போகும்.