வல்லூறு சுள்ளி எடுப்பதில்லை

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வல்லூறும் மரத்தில்தான் கூடு கட்டியது. அப்போது அதன் முகம் வெள்ளை; முட்டையும் வெள்ளை. கூரன் என்ற வல்லூறு தன் மனைவி வீராயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் வேலமரக் கூட்டில் மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஓட்டையைப் பாருங்க. காத்தடிச்சா முட்டை கீழேதான். பக்கத்து மரத்துக் காக்காச்சி பார்த்துச் சிரிக்கிறா."

"சிரிக்கட்டும். அவளுக்கு என்னை மாதிரி பறக்கத் தெரியுமா?"

"பறந்துக்கிட்டே அடைகாக்க முடியுமா? போய் ஒரு சுள்ளி கொண்டாங்க."

கூரனுக்குச் சுள்ளி பொறுக்குவது பிடிக்காத வேலை. வேலமரத்துக்கு எதிரே இருந்த செங்குத்துப் பாறைக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளேயே கனலவிட்டுக் கரியாக்குவார்கள். ஓரத்தில் மண் சரிந்து சில குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நன்றாகக் காய்ந்தவை, ஒரே நீளம். ஒன்றை உருவி வந்து ஓட்டையில் செருகினான்.

"சூடா இருக்கே?" என்றாள் வீராயி.

எடுத்த இடத்தைச் சொன்னால் சோம்பேறி என்பாள். "வெயில்ல கெடந்தது," என்றான்.

"முட்டைக்கு இதமாத்தான் இருக்கு. சரி, ஏதாவது புடிச்சிட்டு வாங்க. பசிக்குது."

கூரன் உச்சிவானத்தில் ஒரு மாடப்புறாவைக் குறிவைத்திருந்தபோது கீழே புகை தெரிந்தது. குச்சிக்குள் இருந்த தணலைக் காற்று ஊதிவிட்டிருந்தது. புறாவை விட்டான். இறக்கைகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு கல்லைப்போல் விழுந்தான். அதற்குமுன் எந்தப் பறவையும் அப்படி இறங்கியதில்லை. அப்படியும் பிந்திவிட்டது.

வீராயி பறந்து தப்பியிருக்கலாம். முட்டைகளை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. கூரன் நெருப்புக்குள் தலையை நுழைத்து, அவள் வயிற்றடியில் அகப்பட்ட ஒரே ஒரு முட்டையைக் காலில் பற்றிக்கொண்டு பாறைக்குப் பறந்தான். அது செங்கல் நிறமாகச் சிவந்திருந்தது. உள்ளே உயிர் அசைந்தது.

காக்காச்சி பின்னாலேயே வந்தாள். "அண்ணே, என் கூட்டுலேருந்து நாலு சுள்ளி உருவித் தர்றேன். கல்லுல எப்படிண்ணே அது பொரியும்?"

"வேண்டாம்மா. சுள்ளியே வேண்டாம்."

கருகிய தலையிலிருந்து கரி கரைந்து, கண்ணீரோடு இரண்டு கன்னத்திலும் கோடாக இறங்கியது. அவன் துடைக்கவில்லை. முட்டையைத் தன் நெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டான். அது அந்தப் பாறையிலேயே பொரிந்தது.

அன்று முதல்தான் வல்லூறின் தலை கறுத்தது, கண்ணுக்குக் கீழே கரிய கோடு விழுந்தது, முட்டை சிவந்தது. இன்றும் அது செங்குத்துப் பாறை விளிம்பில் கொஞ்சம் மண்ணைக் கீறிவிட்டுத்தான் முட்டையிடுகிறது. அங்கே ஒரு சுள்ளிகூடக் கிடப்பதில்லை.