கணவாய் பிடியை விட்ட கதை

மீனும் நண்டும் சிப்பியும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் கணவாய்கள் நகர்வதே இல்லை. கடலடியில் ஒரு பாறையைக் கைகளால் பற்றிக்கொண்டு, பிறந்த இடத்திலேயே கிடக்கும். பக்கத்தில் வந்ததைப் பிடித்துத் தின்னும். அவ்வளவுதான் பிழைப்பு.

அவற்றில் பூவரி என்று ஒருத்தி. சில நாட்களாக அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிவப்பாவாள், வெளுப்பாள், மறுபடி சிவப்பாவாள். காரணம் மணல். அந்த வருஷத்து வாடைக் காற்றில் கடல் புரண்டு, பாறைமேல் மணலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. தாழ்வில் கிடந்த சிப்பிகள் மூடிப்போயின. மீன்கள் எல்லாம் வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. பாறை இடுக்கில் குடியிருந்த செங்காலன் என்ற நண்டுதான் அவளுக்கு மிச்சமிருந்த துணை.

"அண்ணே, நாமளும் போயிரலாம்," என்றாள் பூவரி.

"நீ எப்படிப் போவே? பாறையைத் தள்ளிப் பாரு."

சில கைகளால் தள்ளினாள். மற்றக் கைகள் பயத்தில் அதே பாறையை இறுக்கிப் பிடித்திருந்தன. உடம்பு அசையவில்லை.

"பாத்தியா? நீ எவ்வளவு தள்ளுறியோ, பாறையும் உன்னை அவ்வளவு தள்ளுது. சரிக்குச் சரி கழிஞ்சுபோச்சு. அப்புறம் எங்கே நகர்றது?"

"அப்ப நீ மட்டும் எப்படி நடக்கிறே?"

"எனக்குப் பலம் அதிகம். நான் தள்ளுற அளவுக்குத் தரையால என்னைத் திருப்பித் தள்ள முடியாது."

பூவரிக்கு அது ஒட்டவில்லை. நான் தள்ளியது பாறையை. பாறை தள்ளியது என்னை. அதன்மேல் விழுந்த தள்ளு என்மேல் விழுந்த தள்ளை எப்படிக் கழிக்கும்? ஆனால் நகரவில்லையே! இதையே நினைத்து நினைத்து அவள் தூங்காமல் கிடந்தாள்.

மணலில் தன் பொந்தை இழந்த ஓர் அஞ்சாளை, பாம்புபோல நெளிந்துவரும் அந்தப் பல்லுக்கார மீன், ஒருநாள் அவள் முன்னால் வந்து நின்றது. பூவரி திடுக்கிட்டு, உடம்பு கொள்ளும் மட்டும் தண்ணீரை உள்ளே இழுத்தாள். பாறையைத் தள்ளினாள். நகரவில்லை. அப்போதுதான் தன் மற்றக் கைகளைப் பார்த்தாள். பாறை அவளை வெளியே தள்ள, அந்தக் கைகள் அவளைப் பாறையோடு இழுத்துக்கொண்டிருந்தன.

அத்தனை கைகளையும் விட்டாள். பிறந்ததிலிருந்து விடாத பிடி அது. விட்ட கையோடு உடம்பைச் சுருக்கித் தண்ணீரை முன்னால் பீய்ச்சினாள். தண்ணீர் அந்தப் பக்கம் போகும்போதே அவள் இந்தப் பக்கம் பாய்ந்துவிட்டாள். அஞ்சாளை வெறும் பாறையைக் கடித்தது; பல் வலிக்க வேறு பக்கம் போனது.

"தண்ணி அது மூஞ்சியில மோதித் திரும்பி வந்து உன்னைத் தள்ளிருச்சு!" என்று இடுக்கிலிருந்து கத்தினான் செங்காலன்.

"இல்லண்ணே! மூஞ்சியைத் தொடுறதுக்கு முந்தியே நான் நகர்ந்துட்டேன். நான் தள்ளும்போதே தண்ணியும் என்னைத் தள்ளிருச்சு!"

அங்கும் இங்கும் முட்டி மோதி அவள் இடுக்குக்குத் திரும்பி வந்தாள். மணல் அதன் வாய்வரை ஏறியிருந்தது.

"என் கையைப் பிடிச்சுக்கோ. போயிரலாம்."

"கடல் எத்தாம் பெருசு, நீ எத்தனூண்டு! அது திருப்பித் தள்ளினா நொறுங்கிப் போயிருவே."

"நான் எவ்வளவு தள்ளுறேனோ அவ்வளவுதான் அதுவும் தள்ளும். அதுக்கு மேலே கொஞ்சம்கூடத் தள்ளாது அண்ணே. வா!"

செங்காலன் ஒரு கொடுக்கை நீட்டினான். பூவரி அதைப் பற்றித் தண்ணீரைப் பீய்ச்சினாள். அவன் வரவில்லை. கால்கள் எல்லாம் இடுக்கின் சுவரைக் கவ்வியிருந்தன.

"காலை விடு அண்ணே! விட்டாத்தான் வர முடியும்!"

"விட்டா விழுந்துருவேன் தங்கச்சி."

மேலே பேரலை ஒன்று புரண்டது. மணல்மேடு சரிந்து வந்தது. கொடுக்கு அவள் கையிலிருந்து நழுவியது. அவள் பீய்ச்சிய பீய்ச்சில் பின்னால் தூரமாய்ப் போனாள். போகிற திசை அவளுக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே செங்காலனின் இடுக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் மூடிக்கொண்டது.

கலங்கல் தெளிந்ததும் ஓடி வந்து தேடினாள். எங்கும் ஒரே மணல். இங்கேயா, அங்கேயா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். தூரத்துப் பாறைகளைப் பற்றிக் கிடந்த மற்றக் கணவாய்களும் அவளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடியை விட்டுக் கூடவே தேடின. எவருக்கும் அவன் அகப்படவில்லை.

அன்று தொட்டுத்தான் கணவாய்க்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. பயந்தால் தண்ணீரைப் பீய்ச்சிப் பின்பக்கமாகவே பாய்கிறது, விட்டுப்போகும் இடத்தைப் பார்த்தபடியே.