இரண்டு பூட்டும் ஒரு போர் ஒத்திகையும்

மொட்டணம்பட்டியில் புத்திசாலிகளே கிடையாதா என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். இருந்தார்கள். பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள்தான் அந்த வருஷம் ஊராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள்.

தலைவர் பதவிக்கு நின்ற சடையப்பனுக்கும் குப்பாண்டிக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்தது. பெயரெழுதிய இரண்டு சீட்டைக் குலுக்கிப் போட்ட அதிகாரி, "ஒரு சீட்டு எடுங்க" என்றார். இருவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்தார்கள். அவரவர் எடுத்ததில் அவரவர் பெயரே இருந்தது. இரண்டு தெருவிலும் வெடி வெடித்தது, இரண்டு கழுத்திலும் மாலை விழுந்தது. அதிகாரி மேலிடத்தைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பஸ் ஏறினார்.

ஆக, ஊருக்கு இரண்டு தலைவர்கள். பதவிக்கு வந்ததும் இருவரும் செய்த முதல் காரியம், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடுகிற அறையைப் பூட்டியதுதான். ஆட்சி யார் கையில் என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே! ஒரே கதவில் இரண்டு பூட்டு. சேர்ந்து வந்து திறந்தால் தண்ணீர் வரும். ஆனால் சேர்ந்து வந்தால் மற்றவரையும் தலைவர் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே குழாயில் காற்றுதான் வந்தது.

செல்லக்கிளியின் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். பந்தல் போட்டாயிற்று. வாடகைக்கு எடுத்த அண்டாக்கள் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. அவள் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தாள்.

"என் பூட்டைத் திறக்க நான் எப்பவும் தயார்க்கா. அவரு முதல்ல திறக்கட்டும்" என்றார் சடையப்பன்.

குப்பாண்டியும் அதையேதான் சொன்னார். அவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஊருக்குத் தண்ணீர் வரவில்லை.

இதற்கிடையில் பக்கத்து ஊரான கீழப்பனையூரில் தலைவர் திருமேனி டீக்கடையில் ஒரு வார்த்தை சொன்னாராம்: "இப்படியே போனா நாமதான் உள்ள போய் அமைதிய நிலைநாட்டணும் போல." அவர் ஊர் மோட்டார் போன மாதம்தான் புகைந்து செத்திருந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க மொட்டணம்பட்டியில் ஆள் இல்லை. ஆனாலும் வெளியார் படையெடுப்பு என்றதும் ஊரே திரண்டுவிட்டது.

அவசரக் கூட்டத்தில் ஞானமுத்து எழுந்தார். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவ விஷயத்தில் அவர் சொன்னதுதான் ஊருக்குச் சட்டம்.

"பட்டாளத்துல சண்டைக்கு முன்னாடி அதை ஒரு தடவை ஆடிப் பார்ப்பாங்க. ஒரு பக்கம் நாம, ஒரு பக்கம் எதிரி, நடுவுல நடுவர். எதிரி என்ன செய்வான்னு முன்கூட்டியே தெரிஞ்சுபோகும். ஆனா நிஜம்னே நினைச்சு ஆடணும். விளையாட்டுன்னு நினைச்சா ஒண்ணும் விளங்காது."

முதலில் தரையில் அரிசி மாவால் வரைபடம் போட்டார்கள். மேற்கே நாம், கிழக்கே கீழப்பனையூர். ஆட்டம் தொடங்குமுன் ஒரு கோழி வந்து கீழப்பனையூரைக் கொத்தித் தின்றது. ஊரே கைதட்டியது. வெற்றி ஊர்வலத்துக்கு மேளம் சொல்லிவிடலாமா என்று பேச்சு நடக்கும்போதே, கோழி மேற்கே திரும்பி மொட்டணம்பட்டியையும் தின்றுவிட்டது.

"அது யாரு கோழி?" என்றார் குப்பாண்டி.

"என் கோழிதான்" என்றார் சடையப்பன்.

"அப்ப இது ராஜதுரோகம்."

"முதல்ல எதிரியத் தின்னப்ப அது தேசபக்தியா இருந்துச்சே?"

கோழி எந்தக் கட்சி என்று மாலைவரை விவாதித்தும் முடிவு வராததால், ஆட்டத்தை மோட்டார் அறை வாசலிலேயே, ஆட்களை வைத்தே நடத்துவது என்று தீர்மானித்தார்கள்.

எதிரியாக நிற்க சைக்கிள் கடைக்காரர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட மாத்திரத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பிடித்து நாலு சாத்து சாத்தினார்கள். நிஜம் என்று நினைக்கச் சொல்லியிருந்ததே! அவர் அங்கேயே ராஜினாமா செய்தார். வேறு யாரும் முன்வரவில்லை.

"சரி, நம்மாளு எதிரியா நின்னாலும் நம்மள மாதிரிதானே யோசிப்பான்?" என்றார் ஞானமுத்து. "எதிரி மாதிரி யோசிக்க எதிரியாலதான் முடியும்."

இவ்வளவு காலம் இந்த மூளையைச் சாம்பாரில் வீணடித்துவிட்டார்களே பட்டாளத்தில் என்று எல்லோருக்கும் வருத்தம்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு கீழப்பனையூர் போனார்கள். திருமேனி அமைதியாகக் கேட்டுக்கொண்டார்.

"நாங்க வந்து என்ன செய்யணும்?"

"நிஜமா வர்ற மாதிரியே வரணும். என்ன எடுக்க நினைப்பீங்களோ அதை எடுக்கணும். கூச்சப்படக் கூடாது" என்றார் சடையப்பன்.

"எடுத்ததைத் திருப்பித் தரணுமா?"

குப்பாண்டிக்குக் கோபமே வந்துவிட்டது. "எதிரி எங்கயாவது திருப்பித் தருவானா? ஒழுங்கா ஆடுறதா இருந்தா வாங்க, இல்லாட்டி வேற ஊரைப் பார்த்துக்கிறோம்."

திருமேனி வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு, அக்கம்பக்கத்து ஊர்கள் ஒருவருக்கொருவர் இந்த உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஞானமுத்து கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டு விதிகளை வாசித்தார். நெற்றியில் சுண்ணாம்பு பட்டவன் செத்தவன். செத்தவன் பேசக் கூடாது. நடுவர் விசில் ஊதினால்தான் ஆட்டம் முடியும்.

கீழப்பனையூர்க்காரர்கள் டிராக்டரில் கடப்பாரை, சங்கிலி சகிதம் வந்து இறங்கினார்கள். திருமேனி நேராக ஞானமுத்துவிடம் போய் நெற்றியில் சுண்ணாம்பைத் தடவினார்.

"நடுவரைக் கொல்லலாமா?" என்றார் ஞானமுத்து.

"எதிரி கேட்டுட்டா கொல்லுவான்?"

நியாயம்தானே. ஞானமுத்து வேட்டியை மடித்துக்கொண்டு படுத்துச் செத்தார்.

"எல்லாரும் நில்லுங்க!" என்று ஆணையிட்டார் சடையப்பன். "எல்லாரும் ஓடுங்க!" என்று ஆணையிட்டார் குப்பாண்டி. இரண்டு தலைவர் சொல்லையும் தட்ட முடியாத மொட்டணம்பட்டிப் படை, நின்ற இடத்திலேயே ஓடியது. அப்படி ஓடியவர்கள் நெற்றியில் வரிசையாகச் சுண்ணாம்பு பூசுவது எதிரிக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

தலைவர்கள் இருவரும் கதவை விட்டு அசையவில்லை. அவரவர் பூட்டை அவரவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கீழப்பனையூர்க்காரர்கள் கதவுப் பக்கமே வரவில்லை. பின்பக்கம் போய்ச் சுவரைப் பெயர்த்தார்கள், மோட்டாரைக் கழற்றினார்கள், டிராக்டரில் ஏற்றினார்கள். வண்டியைப் பின்னால் எடுக்க இடம் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் திணறியபோது, செத்துக் கிடந்த மொட்டணம்பட்டிக்காரர் ஒருவர் எழுந்து கையை ஆட்டி வழிகாட்டினார். செத்தவன் பேசத்தான் கூடாது, கையாட்டக் கூடாதென்று விதி இல்லை.

சத்தம் கேட்டு செல்லக்கிளி ஓடிவந்தாள். "அட பாவிகளா, மோட்டாரத் தூக்கிட்டுப் போறானுங்க. எம் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். எவனாவது எழுந்திரிங்களேன்டா!"

"அக்கா, நீங்க பொதுமக்கள்" என்றார் சடையப்பன் பூட்டை விடாமல். "போர் நடக்கிறப்ப பொதுமக்கள் வீட்டுக்குள்ள இருக்கணும்."

டிராக்டர் போய் மறைந்தது. ஊர் வெயிலில் செத்தபடியே கிடந்தது. நடுவர் எழுந்து ஊத வேண்டும், நடுவரோ செத்துவிட்டார். கடைசியில் செல்லக்கிளிதான் ஞானமுத்துவின் கழுத்திலிருந்து விசிலைப் பிடுங்கி ஊதினாள். எல்லோரும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"என் பூட்டு அப்படியே இருக்கு" என்றார் குப்பாண்டி.

"என் பூட்டும்தான்" என்றார் சடையப்பன்.

"அப்ப எதிரியால உள்ள நுழைய முடியல."

"கதவைத் திறந்து பாருங்க" என்றாள் செல்லக்கிளி. அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று இருவரையும் சாவியை எடுக்க வைத்தது. பதவிக்கு வந்த பிறகு இரண்டு பூட்டும் சேர்ந்து திறந்தது அன்றைக்குத்தான்.

செல்லக்கிளி முதல் ஆளாக உள்ளே போனாள். மோட்டார் இருந்த இடத்தில் நாலு போல்ட்டு மட்டும் நின்றது. பின்சுவர் இருந்த இடத்தில் வயல் தெரிந்தது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார்கள்.

குப்பாண்டி பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, ஒத்திகையோட போச்சு. நிஜமா வந்திருந்தா மோட்டாரையே தூக்கிட்டுப் போயிருப்பானுங்க."

"எதுக்கும் பூட்டியே வைப்போம்" என்றார் சடையப்பன்.

அவரவர் பூட்டை அவரவர் மாட்டி, இழுத்தும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். உள்ளே செல்லக்கிளி இருப்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் யார் முதலில் திறப்பது?

செல்லக்கிளி அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, பின்சுவர் ஓட்டை வழியாக வெளியே வந்தாள். நேரே கீழப்பனையூருக்கு நடந்து, திருமேனியிடம் பேசிக் கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொண்டாள். அந்த ஊரில் குழாயைத் திறந்தால் இப்போது தண்ணீர் பீய்ச்சியடித்தது.

வெள்ளிக்கிழமை மொட்டணம்பட்டி மொத்தமும் அங்கே போய்க் கைகால் கழுவிப் பந்தியில் உட்கார்ந்தது. வாசலில் செல்லக்கிளி பட்டுச்சேலையில் நின்று, பன்னீர் தெளித்து, வந்தவர்களை வரவேற்றாள். சடையப்பனும் குப்பாண்டியும் அவள் நீட்டிய சந்தனத்தை எடுத்துப் பூசிக்கொண்டார்கள். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"கவலைப்படாதீங்கக்கா" என்றார் சடையப்பன். "மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கோம். பதில் வந்ததும் மொத வேலையா உங்கள வெளியே விட்டுடுறோம்."